பன்னிரண்டு சொல் பாட்டு

வெனிசுவேலாவின் மரக்கைபோ நகரச் சந்தை வாசலில் யூஸ்நெய்ராவைப்போல் உரக்கப் பாடிக்கொண்டே ஐஸ் சீவுகிறவள் வேறு யாருமில்லை. சம்பாதிப்பதை அவள் உள்ளூர்ப் பணமான பொலிவாராக வைத்துக்கொள்ளமாட்டாள். காலையில் வாங்கினால் மாலைக்குள் மதிப்பு இளைத்துப்போகும் காசு அது. டாலர் நோட்டோ, ஓரம் லேசாகக் கிழிந்திருந்தால்கூட இந்த ஊரில் எவரும் தொடமாட்டார்கள். அதனால் சிலியிலிருக்கும் மகள் சொல்லிக்கொடுத்தபடி, டாலருக்கு நிகராக நிற்கும் கிரிப்டோ காசாகக் கைபேசியில் சேர்த்துவந்தாள். பழைய ஃப்ரீசர் ஒன்று வாங்கப் போதுமான அளவு சேர்ந்தும்விட்டது. அதை விற்கிற கடைக்காரர், ஊரே மரியாதையாகத் 'தோன்' என்று கூப்பிடும் எயுதோதான் மசியவில்லை.

"தொட்டுப் பாக்க முடியாத காசை நான் வாங்குறதில்லம்மா."

"உங்க கரண்டைத் தொட்டுப் பாத்தா வாங்குறீங்க, தோன்?"

அதற்கும் மனுஷர் அசையவில்லை.

கைபேசி தொலைந்தாலும் காசு தொலையாமலிருக்க, எந்தக் கைபேசியிலும் அந்தக் கணக்கைத் திறக்கும் பன்னிரண்டு சொற்கள் உண்டு. அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ, காசும் அவர்களுடையது. எழுதிவைக்காதே, மனதில் வை என்றாள் மகள். யூஸ்நெய்ராவுக்கு மனப்பாடம் வராது. ஆனால் மாதா திருவிழாவுக்கு ஊரே பாடும் கைத்தா மெட்டில் போட்டுவிட்டால் எதுவும் மறக்காது. போட்டாள். அப்புறம் வாய் சும்மா இருக்குமா?

திருவிழா அன்று மத்தியானம் தெருப் பாட்டுக்குழுத் தலைவன் நேரியோ ஓடிவந்தான்.

"அந்த எலுமிச்சை, ஏணி, கழுதை, நிலான்னு பாடுவியே, அதைக் குழுவே படிச்சிருச்சு! சாயங்காலம் சதுக்கத்துல அதுதான். ரேடியோக்காரங்களும் வர்றாங்க!"

"அதுல அர்த்தமே இல்லையே, நேரியோ."

"அட, கழுதை ஏணியில ஏறி நிலாவுக்குப் போவுது. இதுக்கு மேல என்ன அர்த்தம் வேணும்?"

யூஸ்நெய்ராவின் பன்னிரண்டு சொல்லும் ரேடியோவில் போகப்போகிறது! வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான்; சொன்னால் குடி கெட்டது. புதுக் கணக்கு தொடங்கி, வேறு பன்னிரண்டு சொல் வாங்கிக் காசை அங்கே மாற்றலாம்தான். ஆனால் நாளைக்கு அதையும் பாடிவிடுவாள். தன் வாயைப்பற்றி அவளுக்குத் தெரியாதா? வண்டியை அப்படியே விட்டுவிட்டு எயுதோவின் கடைக்கு ஓடினாள்.

"தோன், எல்லை தாண்டி பொகொத்தாவுல இருக்குற மகனுக்கு எப்படிப் பணம் அனுப்புறீங்க?"

"பஸ்காரன்கிட்ட குடுத்து. பாதியை அவனே தின்னுடுறான்."

"மகன்கிட்ட இந்தக் கைபேசிக் காசுக் கணக்கு இருக்கான்னு கேளுங்க."

இருந்தது. சோதனைக்கு மூன்று டாலரை அவனுக்கு அனுப்பினாள். சிக்னல் போய்விட்டது. இருவரும் நடுத்தெருவுக்கு வந்து கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். கடைசியில் மகனின் குரல் வந்தது:

"அப்பா, நீயா அனுப்புன? எத்தனை வருஷமா இதுக்குத் தலைபாடா அடிச்சிக்கிட்டேன்!"

எயுதோ மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "மிச்ச விலையையும் அவனுக்கே அனுப்பு. ஃப்ரீசரை எடுத்துட்டுப் போ."

விலை போக நான்கு டாலர் மிஞ்சியது. யாராவது எடுக்கிறார்களா பார்ப்போமே என்று அதை வேண்டுமென்றே அங்கேயே விட்டுவைத்தாள்.

சாயங்காலம் சதுக்கம் கொள்ளாத கூட்டம். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், தொப்பியைக் கழற்றிவிட்டுப் போலீஸ்காரர், எல்லோரும் அந்தப் பன்னிரண்டு சொல்லையும் தொண்டை கிழியப் பாடினார்கள். ரேடியோவில் ஊரெல்லாம் கேட்டது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் யூஸ்நெய்ரா கைபேசியைத் திறந்து பார்த்தாள். நான்கு டாலர். மறுபடியும் நான்கு டாலர். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஏனோ கோபமும் வந்தது.

பாட்டு முடிந்ததும் நேரியோவைப் பிடித்து எல்லார் காதிலும் விழும்படி உண்மையைச் சொல்லிவிட்டாள்: இந்தச் சொற்களை ஒரு கைபேசியில் வரிசையாகப் போட்டால் காசு கிடைக்கும், போடுகிறவன் எடுத்துக்கொள்ளலாம்.

குழு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது.

"பாட்டுக்குள்ள காசு வெச்சிருக்காளாம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் நேரியோ. "போ யூஸ்நெய்ரா, போய் ஐஸைச் சீவு!"

அந்த நான்கு டாலர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.