அழுக்கென்று நினைத்த கறுப்பு

விமலாதேவிக்குக் கறை கண்ணில் பட்டால் கை சும்மா இராது. விருந்துக்குப் போன வீட்டிலும் தண்ணீர்க் குழாயைத் தேய்த்துவிட்டு, "சும்மா ஒருக்காத் துடைச்சனான்" என்று அசடு வழிவார். வீட்டுக்காரிக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

அந்தக் குணம்தான் அவருக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. ஆறு வருடங்களுக்கு முன், வெஸ்ட் ரைடில் ஹராச் என்ற ஆர்மேனியரின் வெள்ளிப் பட்டறைக்குத் தரை துடைக்கப் போனவர், மூலை முடுக்கில் சிந்திக் கிடந்த மயிரளவு கம்பித் துண்டுகளையெல்லாம் பொறுக்கி மேசையில் வைத்தார். ஹராச் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கம்பி பிடிக்கும் சிறு இடுக்கியான சாமணத்தைக் கையில் கொடுத்தார். இரண்டு வெள்ளிக் கம்பிகளை முறுக்கி, தட்டையாக்கி, சாமணத்தால் பிடித்துப் பூவும் இலையுமாகச் சுருட்டிப் பற்றவைக்க வேண்டும். பலமாக மூச்சு விட்டால் பூ பறந்துவிடும். ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டிலிருந்து ரயிலேறிப் போய் அதில் உட்கார்ந்தால் விமலாதேவி சோறு தண்ணி மறந்துபோவார்.

போன மாதம் அர்பினே என்ற வாடிக்கையாளர் ஓர் ஒட்டியாணம் கொண்டுவந்தாள். செத்துப்போன அம்மாவின் கல்யாண ஒட்டியாணம். அர்பினேயின் மகள் இப்போது அதைக் கட்டிக்கொண்டு மணப்பெண்ணாகத் தேவாலயம் போகப் போகிறாள். கொக்கி மட்டும்தான் உடைந்திருந்தது.

ஹராச் மெல்போர்ன் போயிருந்த அன்று விமலாதேவி கொக்கியைச் சீராக்கினார். பார்த்தால் பூவேலை இடுக்கெல்லாம் கறுப்பு. பட்டறையில் செய்வது எல்லாம் வெள்ளை வெளேரென்ற புது நகைகள். இப்படிப் பழையதை அவர் கண்டதில்லை. கல்யாணப் பெண்ணுக்கு இப்படியா கொடுப்பது? கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்தார். வீட்டில் வெள்ளிச் செம்பைத் தேய்ப்பதுபோல, பழைய பல்துலக்கியால் மாலை வரை தேய்த்தார். ஒட்டியாணம் கடையில் வாங்கிய புதுக் கரண்டிபோல மின்னியது.

மறுநாள் அதைப் பார்த்த ஹராச் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அது அழுக்கில்லை. பூ எடுப்பாகத் தெரியவேண்டுமென்று செய்தவனே ஏற்றிய கறுப்பு. அர்பினேயின் அம்மா விரல் பட்டுப் பட்டு வெளுத்த இடங்கள் அந்தக் கறுப்புக்கு நடுவில் தனியாகத் தெரிந்தன. இப்போது எல்லாம் ஒரே வெள்ளை.

"கந்தக நீரில் தோய்த்தால் கறுப்பு வந்துவிடும். அங்கங்கே நான் தேய்த்துப் பழசாக்கிவிடுகிறேன். அவளுக்குத் தெரியாது" என்றார் ஹராச், ஆங்கிலத்தில்.

பின்னேரம் வீட்டில் விமலாதேவி அழுதே விட்டார். "இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளையின்ர தாயின்ர கையை நான் அழிச்சுப் போட்டன்."

"தெரியாமல்தானே செய்தனீர்?" என்றார் கணவர் விக்னராஜா.

"ஓம். ஆனா இனி மறைச்சால் அது தெரிஞ்சு செய்யிறதெல்லோ?"

மறுநாள் விமலாதேவி அர்பினேயைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒன்றுவிடாமல் சொன்னார். அர்பினே ஒட்டியாணத்தைத் திருப்பித் திருப்பிப் பெருவிரலால் தேடினாள். "அம்மா பாட்டுக் கேட்கும்போது இங்கேதான் எங்கேயோ தடவிக்கொண்டிருப்பா" என்று உடைந்துபோனாள். பக்கத்தில் நின்று விமலாதேவியும் அழுதார்.

கடைசியில், "கறுப்பு ஏற்றித் தருகிறேன். ஆனால் தேய்த்துப் பழசாக்க மாட்டேன். உங்கள் அம்மாவின் கை பட்டதுபோல என்னால் பொய் செய்ய முடியாது" என்றார். அர்பினே தலையசைத்தாள்.

அடுத்த வாரம் ஒட்டியாணம் முழுக்கக் கறுப்பாகத் தயாராக இருந்தது. அர்பினே அதை மடியில் வைத்து ஒரு பூவை நெடுநேரம் பெருவிரலால் தேய்த்தாள். மெல்லிய கீற்றாக வெள்ளி தெரிந்தது.

"இது நான்" என்றாள். பக்கத்துப் பூவைத் தொட்டு, "இது என் மகளுக்கு" என்றாள். பிறகு விமலாதேவியின் கையைப் பிடித்து, அடுத்த பூவில் வைத்தாள்.

"இது உங்களுக்கு. இனி இதைக் கட்டுகிறவர்களுக்கு உங்கள் கதையையும் சொல்ல வேண்டுமே."

"ஓம் பிள்ளை" என்றார் விமலாதேவி, தமிழில்.

அர்பினேக்கு அது விளங்கியது. விமலாதேவி அந்தப் பூவை மெல்ல, மிக மெல்லத் தடவத் தொடங்கினார்.