சங்கு ஊதும் முன்பு வந்தவள்

நோன்பு வாயோடு பொய் சொல்ல மாட்டேன். இது எனக்கு நடந்தது.

மொராக்கோவின் ரிஃப் மலையடியில் இருக்கும் வெள்ளத் தடுப்பு அணைக்கு நான் மாற்றலாகி வந்த முதல் வாரம். ரமலான் மாதம். மேல்மலையில் விடாத மழை. வரப்போகும் வெள்ளத்துக்கு இடம் செய்ய, இருக்கும் நீரை முன்கூட்டியே திறந்துவிடும்படி மேலிடத்து உத்தரவு. சங்கு ஊதி, பத்து நிமிடம் பொறுத்து, மதகைத் தூக்குவது முறை.

மாலை 6.31. நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை. சங்கின் பொத்தானில் விரல் வைத்தேன்.

"ஊதாதீங்கண்ணே!"

அறைக்குள் ஒரு பெண். முக்காட்டிலிருந்து நீர் சொட்டியது. அணைப்பக்கம் மழையே இல்லை...

"என் வீட்டுக்காரரு, அல்லால்னு பேரு, கீழே ஆத்துக்குள்ள இருக்காரு. ஊர்ல நோன்பு திறக்க ஊதுற சங்கும் இதே சத்தம்தான். நேரம் ஆயிடுச்சுன்னு அங்கேயே சாப்பிட உக்காந்திடுவாரு."

"ஆள் அனுப்புறேம்மா."

"பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. சும்மா கத்துனா அந்தக் கழுதை அசையாது."

சிரித்தபடியே ஆற்றங்கரைக் காவலாளி பூஷ்தாவுக்குப் போன் செய்தேன்.

"அல்லாலோட மனைவி வந்திருக்காங்க. அவரை உடனே கரையேத்து."

"யாரு சார்?" என்று இரண்டு முறை கேட்டான்.

"...சரி சார்."

மேலிடத்திலிருந்து அழைப்பு. "இன்னுமா திறக்கல? தூங்குறியா?"

"ஓர் உயிர் இருக்கு சார். கொஞ்சம் பொறுங்க."

ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது சின்ன வேலைதான். அதற்குள் அல்லாஹ் ஓர் உயிரை வைத்திருந்தான்.

திரும்பினேன்.

அவள் இல்லை.

கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

தரையில்... ஒரு சொட்டு ஈரமில்லை.

டக்... டக்... டக்...

கதவைத் திறந்தேன். பூஷ்தா. அவனைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே ஓடிவந்தார்.

"எங்கே அவ?"

மேசைக்குப் பின்னால் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார்.

பாங்கு முடிந்திருந்தது. சங்கு ஊதினேன். பொறுத்திருந்து மதகைத் தூக்கினேன். நீர் உறுமியது.

பூஷ்தா மெல்லச் சொன்னான்.

"இவரு சம்சாரம் யாமினாக்கா போன ரமலான்லயே போயிட்டாங்க சார். மதகுச் சங்கைக் கேட்டு, நோன்பு திறக்க ஆத்துக்குள்ள உக்காந்தவங்க. தண்ணி இழுத்துட்டுப் போச்சு, உடம்புகூடக் கிடைக்கல. அன்னைக்கிலிருந்து இவரு தினமும் அங்கேதான் போய் உக்காருறாரு."

அல்லால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைத் தன்கிட்ட வரச் சொல்லலையா?"

"இல்லண்ணே... கரையேத்தச் சொன்னாங்க."