தனபாலின் ‘சரி’க்குக் காத்திருந்தது

எனது கணித ஆய்வேட்டின் நன்றியுரையில், ஐந்தாம் துணைத்தேற்றத்தின் பிழையைச் சுட்டியமைக்காக அணைக்கட்டு தனபாலுக்கு நன்றி கூறியுள்ளேன். அப்பிழை தெரியவந்தது மார்கழியில். தனபால் மறைந்தது அதற்கு முந்தைய ஐப்பசியில். இதனைக் கண்ட சிலர் அச்சுப்பிழை என்கின்றனர். சிலர் என் வயதின் தடுமாற்றம் என்கின்றனர். இரண்டும் அல்ல. ஆதலின் அப்பிழை வெளிப்பட்ட ஒருநாட் பயணத்தை எழுதிவைப்பது கடமையாயிற்று.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆசிரியப் பணியில் இருந்தபடியே, ஐம்பதைக் கடந்தபின் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவன் நான். உடன் பதிந்தோர் மூவர்: பாகாயத்தைச் சேர்ந்த கல்லூரி விரிவுரையாளர் ஸ்டெல்லா, ஆம்பூர்த் தோல் வணிகரின் மகன் இர்பான், அணைக்கட்டு என்னும் ஊரின் உழவர் வீட்டுப் பிள்ளையான தனபால். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருடைய நிறுவலை மற்றொருவரே கரும்பலகையில் எழுத வேண்டும். ஆக்கியவர் பின்னால் வாய் திறவாது அமர வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஏனையோர் அனைவரும் ‘சரி’ என்ற பின்னரே அடுத்த வரி. உடன்பாடில்லையெனில் தனபால் விரல் முட்டியால் மேசையை இருமுறை தட்டி, “எல்லாத்துக்கும் அதேதானா, வாத்தியாரே?” என்பார். மஞ்சட்காமாலை அவரைக் கொண்டுபோன பின்னும், அவருடைய ‘சரி’க்குரிய இடைவெளியை நாங்கள் விட்டே வந்தோம். அதை நீக்குவது பற்றி எவரும் பேசியதில்லை.

அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி. வேலூரில் நானும் ஸ்டெல்லாவும் ஆம்பூர்ப் பேருந்தில் ஏறினோம். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். கட்டணம் ஒன்பது ரூபாய். திங்களன்று ஆய்வேட்டை ஒப்படைத்தாக வேண்டும். தவறினால் பதிவு ரத்தாகிவிடும். ஐந்தாம் துணைத்தேற்றம் மட்டும் கரும்பலகை ஏறாமல் எஞ்சியிருந்தது.

“அந்த லெம்மாவப் படிச்சேன் சார். வழவழன்னு போவுது. எங்கயும் பிரேக்கே புடிக்கல” என்றார் ஸ்டெல்லா.

“அது நல்லதுதானே அம்மா?”

“பஸ்ஸுக்கு நல்லதில்ல. லெம்மாவுக்கு எப்பிடின்னு தெரியல.”

பள்ளிகொண்டா கடந்தது. பாலாறு நீரின்றிக் கிடந்தது. பனி மட்டும் ஆறுபோல் மணல்மேல் நகர்ந்தது. மாதனூர் தாண்டியதும், ஊர் தெரியுமுன்னே தோலின் வாடை வந்தது.

ஒன்பது மணிக்கு இர்பானின் குடும்பத் தோல் கிடங்கை அடைந்தோம். தொழில் ஓராண்டாக நின்றிருந்தது, மின்சாரமும் இல்லை. விலைபோகாத தோல்கள் கீழ்த்தளத்தில் கழிகளில் வரிசையாகத் தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு நடக்கையில், கூட்டத்தில் வழி கேட்டு நகர்வதுபோல் இருந்தது. நாங்கள் வழக்கமாகக் கூடும் மாடியில் சரக்குக் கணக்கு எழுதப் பயன்பட்ட கரும்பலகை. எதிரே நீண்ட மேசை. சன்னலோரம் தனபாலின் நாற்காலி.

“சார், பேசக் கூடாது. இருமல் வந்தாலும் வெளிய போய் இருமுங்க” என்று இர்பான் சுண்ணக்கட்டியை எடுத்தார்.

“பெரியவர ரொம்ப பேஜார் பண்ணாத தம்பி” என்றார் ஸ்டெல்லா.

வரிகள் தடையின்றி ஏறின. ஸ்டெல்லா ‘சரி’ என்பார், இர்பான் ‘சரி’ என்பார், சற்றே அமைதி, அடுத்த வரி. ஏழாம் வரியிலும் இருவரும் ‘சரி’ என்றனர். பின்னர் வந்த அமைதி முடியவில்லை. இர்பானின் கை பலகைமேல் அப்படியே நின்றது. கீழிருந்து ஓர் ஒலி கேட்டது. மரத்தை முட்டியால் தட்டுவதுபோல்; இருமுறை.

“எல்லாத்துக்கும் அதே எல்லைதானா?” என்றார் ஸ்டெல்லா.

இர்பான் திரும்பினார். “நீங்கதான் சரின்னுட்டீங்களே அக்கா.”

“சொன்னேன். இது... நான் கேக்கணும்னு கேக்கல.”

பலகையை மீண்டும் பார்த்தேன். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு என்றுதான் ஆறாம் வரி நிறுவியிருந்தது. ஏழாம் வரியிலோ, எல்லா எண்களுக்கும் ஒரே எல்லை உண்டென்று கொண்டிருந்தேன். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்பதால், ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்கும் என்று ஆகாது. ஆறாண்டு உழைப்பு அந்த வரியின்மேல் நின்றது. பேசவும் எனக்கு உரிமை இல்லை.

“சார் முகத்தப் பாக்காத. பலகையப் பாரு” என்று இர்பானிடம் கூறிய ஸ்டெல்லா எழுந்து அருகே சென்றார். மதிய உணவை இருவரும் மறந்தனர். மூன்று மணியளவில் ஸ்டெல்லாவே வழி கண்டார்: முதன்மைத் தேற்றம் ஒவ்வொரு முறையும் எண்ணி முடிக்கக்கூடிய சில எண்களையே கேட்கிறது, அவற்றின் எல்லைகளுள் பெரியதைக் கொண்டால் அந்த ஒன்றே போதும். இர்பான் ஏழாம் வரியை அழித்துப் புதிதாக எழுதினார்.

“சரி.”

“சரி.”

காத்திருந்தோம். கீழே எவ்வொலியும் இல்லை. சுண்ணக்கட்டி நகர்ந்தது.

இறங்கும்போது, “காத்துல தோல் ஆடி மோதியிருக்கும்” என்றேன். இர்பான் இரு தோல்களைப் பிடித்து ஒன்றோடொன்று மோதவிட்டார். சருகு உரசும் ஓசையே எழுந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு, “பஸ்ஸு போய்டும் சார், வாங்க” என்றார்.

திங்களன்று ஆய்வேட்டை ஒப்படைத்தேன், பட்டமும் கிடைத்தது. இன்று என் வீட்டு மேசையில் தனித்தமர்ந்து எழுதும்போதும் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் நிறுத்துகிறேன். கேட்பதற்கு அருகில் எவரும் இல்லை. இக்கட்டுரையையும் அவ்வாறே எழுதியுள்ளேன். உங்களால் ‘சரி’ என்று சொல்லவியலாத வரி இதில் எதுவாயினும், அங்கேயே நிறுத்தி எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன், திருத்திக்கொள்வேன்.