அக்காவின் காரும் நான் போட்ட மவுண்டிங்கும்

நோர்வேக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு வாசலில் நின்ற காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சத்தமில்லை, அசைவில்லை. ஆள் முடிந்தார் என்று பயந்து ஓடிப்போய்க் குனிந்தேன். வீட்டுக்காரர் முகமெல்லாம் கறுப்பு எண்ணெயோடு சிரித்தார். "ஒரு ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். மெக்கானிக்கைத்தான் சொன்னேன். "தேவையில்லை, நானே டொக்டர்" என்றார். அவர் எங்கள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருதயம் வெட்டித் தைக்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று அவர் பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

கராஜில் ஒரு மணித்தியாலத்துக்கு வாங்குகிற கூலியைக் கேட்டால் டொக்டருக்கே நெஞ்சு பிடிக்கும் என்பது ஒரு காரணம். மற்றது, தன் வேலையைத் தானே செய்வது அங்கே ஏறக்குறைய ஒரு சமயம். பிறந்த சமயத்தில் பெரிய பிடிப்பில்லாத நான் இதில் மட்டும் மனதார ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டேன். என் தலைமயிரை நானே வெட்டினேன். விளைவைப் பற்றிப் பேச விரும்பவில்லை. குசினிக்கு நானே ஓடு பதித்தேன். கடைசியில் என் காரின் எஞ்சின் மவுண்டிங்கையும் நானே மாற்றினேன். எஞ்சினைக் காரின் உடம்போடு பிடித்துவைக்கிற கட்டி அது. இரும்பும் ரப்பரும் பிரியாமல் ஒட்டியிருக்கும். ரப்பர் கிழிந்துவிட்டால் எஞ்சினின் நடுக்கமெல்லாம் நேரே நம்முடைய பல்லுக்கு வந்து சேரும். அந்த வேலையை முடித்த அன்று டொக்டர் வந்து என் கையைக் குலுக்கினார். குடியுரிமை கிடைத்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோசப் புளுகம் இல்லை.

போன ஆவணியில் ஊருக்குப் போனேன். அக்கா திருகோணமலையில், உவர்மலை வீட்டில் தனியாக இருக்கிறார். பென்சன் எடுத்து இளைப்பாறிய ஆசிரியை. சனிக்கிழமைகளில் தம்பலகாமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ஆங்கிலம் படிப்பிக்கிறார். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதால் பஸ் ஏற ஏலாது. பதினெட்டு வயதான யப்பான் கார் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு போவார். யானை குறுக்கே நிற்கிற வீதியில் அந்தக் கார் ஒருநாளும் நின்றதில்லை என்றால் அதற்குக் காரணம் நிசார். என்னோடு படித்தவன், கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கிற மோட்டர் பாஸ்; மெக்கானிக்கை ஊரில் பாஸ் என்றுதான் சொல்வோம். சாமான் வாங்கத் திருகோணமலை ரவுனுக்கு வரும்போதெல்லாம் உவர்மலைக்கு ஏறுவான். பொனற்றில் கையை வைத்து எஞ்சின் சத்தத்தைக் கேட்பான். ஒரு வயரை இழுப்பான், ஒரு நட்டை இறுக்குவான், பிளேன்ரீ குடிப்பான், போய்விடுவான்.

அவன்தான் மவுண்டிங் போய்விட்டது என்று அக்காவிடம் சொன்னவன். கூலி இவ்வளவு வரும் என்றும் சொல்லியிருந்தான். அக்கா அதை ரெலிபோனில் எனக்குச் சொன்னார். நான் குரோணரில் மாற்றிப் பார்த்தேன். நோர்வேயில் இரண்டு பேர் பீட்சா தின்கிற காசு. "சாமானை நான் கொண்டுவாறன்" என்றேன். யார் பூட்டுவது என்று அக்கா கேட்கவில்லை. அவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்காது. சூட்கேசிலிருந்து இரண்டு கிலோ சொக்கிலேற்றை இறக்கிவிட்டு மவுண்டிங்கை ஏற்றினேன்.

வந்த மூன்றாம் நாள் பின்னேரம், அக்கா படுத்திருக்க, வேலையைத் தொடங்கினேன். காரைத் தூக்கிக் கட்டை வைத்தேன். எஞ்சினுக்கு அடியில் பலகைத் துண்டு போட்டு ஜாக்கால் தாங்கினேன். பழையதைக் கழற்றிப் புதியதை வைத்துக் கடைசி போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது கேற் திறந்த சத்தம் கேட்டது. நிசாரின் குரல்.

"ரீச்சர்! ஆரு இது அடியில? வேற பாஸப் பிடிச்சிட்டீங்களா?"

"வேற ஆரை நான் பிடிக்கிறது? சாமான் வந்திட்டுது எண்டு உங்களுக்குத்தானே சொன்னனான்" என்று அக்கா உள்ளேயிருந்து வந்தார்.

நான் முகமெல்லாம் எண்ணெயோடு வெளியே நகர்ந்து வந்து, அந்த டொக்டர் சிரித்ததுபோலவே சிரித்தேன்.

நிசார் சிரிக்கவில்லை. கையில் ஸ்பானர், சுத்தியல் போட்ட ஆயுதப் பை இருந்தது. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான். போல்ட்டை இறுக்கி முடித்து, ஜாக்கை இறக்கிவிட்டுப் பண்ணினேன். பொனற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றான். எஞ்சின் பச்சைக் குழந்தையின் மூச்சுப்போல ஓடியது. "சரியா இரிக்கி" என்றான். அதுதான் கொடுமை. ஒரு போல்ட்டையாவது நான் பிழையாகப் பூட்டியிருந்தால் அவன் பையைத் திறந்திருப்பான்.

"எப்பிடி மச்சான்? நோர்வேயில ஒரு ஆஸ்பத்திரி டொக்டரே இப்பிடித்தான்" என்று நான் தொடங்கினேன்.

"அங்க டொக்டர்மார் பாஸ்மார்ட வேலையச் செய்வாங்களா?"

"ஓம்."

"அப்ப பாஸ்மார் என்ன, ஆஸ்பத்திரியில போய் ஆள வெட்டுறதா?"

அக்கா பிளேன்ரீ கொண்டுவந்தார். "வேணாம் ரீச்சர், வகுறு சரியில்ல" என்றான். கேற்றடியில் நின்று, என்னைப் பாராமல் சொன்னான்: "வேற பாஸுக்குக் குடுத்திருந்தாலும் பரவால்ல. அவன்ட ஊட்டுலயாவது சோத்துக்கு ஒல வெச்சிருப்பாங்க."

அவன் போனபின் அக்கா அந்தப் பிளேன்ரீயை முற்றத்தில் ஊற்றினார். பிறகு சொன்னார்: "ஆறு வருசமா அவர் என்னட்ட ஒரு சதம் வாங்கேல்ல, தெரியுமே? காசை நீட்டினா, பெரிய வேலை ஒண்டு வரட்டும் ரீச்சர், அப்ப வாங்கிறன் எண்டுவார். இதுதான்ரா அந்தப் பெரிய வேலை. அதுவும் நீ வந்து நிக்கேக்க, என்ர பென்சனில கை வைக்காமல் உன்னட்ட வாங்கலாம் எண்டு மூண்டு மாசம் தள்ளிவச்சவர்."

"முதலே சொல்லியிருக்கலாமே அக்கா."

"இதெல்லாம் சொல்லிக் குடுக்கிற விசயமே?"

அவர் சொன்னது சரி. ஊரைவிட்டுப் போகுமுன், இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய நானாக இருந்தால் எனக்கும் சொல்லத் தேவை இருந்திராது. பழைய மவுண்டிங்கைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் கிண்ணியாவுக்குப் போனேன். கழற்றிய சாமானைக் காரின் சொந்தக்காரருக்குக் காட்டுவது பாஸ்மாரின் வழக்கம். நான் அதைத் தலைகீழாக்கி பாஸுக்கே காட்டினால் சிரிப்பும் பகிடியுமாக முடியும் என்று கணக்குப் போட்டேன். ஒரு என்வலப்பும் வைத்திருந்தேன். கிண்ணியாப் பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கடல் வெயிலில் தகரம்போலக் கிடந்தது.

நிசார் என்னைக் கண்டதும் எழும்பினான். முன்பெல்லாம் அவனுடைய கராஜில் பழைய டயர் ஒன்றின் மேல் குந்துவேன். அன்று உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து, துணியால் துடைத்து, "இருங்க" என்றான். கடையிலிருந்து குளிர்சோடா எடுப்பித்தான். விருந்தாளிக்குப் போடுகிற அந்தக் கதிரையில் உட்கார்ந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் என்வலப்பை நீட்டினேன். முட்டாள்தனத்தை அரைவாசியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை.

"என்ன இது?"

"உன்ர கூலி."

"செய்யாத வேலைக்கா? ஒங்கட நாட்டுல அப்பிடிக் குடுப்பாங்களா?"

எந்த நாடு என்னுடையது என்று அவன் தீர்மானித்துவிட்டான். மவுண்டிங்கைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

நோர்வே திரும்பி இரண்டு மாதத்தில் அக்கா ரெலிபோன் எடுத்தார். காரின் பற்றரி போய்விட்டதாம். நிசாருக்குச் சொன்னபோது, "தம்பியக் கேட்டுப் பாருங்க ரீச்சர்" என்று மரியாதையாகச் சொன்னாராம். வேறு பாஸ் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பற்றரி மட்டுமல்ல என்று ஒரு நீளமான பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். "காசு அனுப்பவா?" என்றேன். "காசு கிடக்குது. நிசார் பாக்காத காரை நம்பி அந்த யானை ரோட்டில போகேலாது, வகுப்பைத்தான் நிப்பாட்டிப்போட்டன்" என்றார். ரெலிபோனை வைக்குமுன், "கார் இப்ப நடுங்கிறேல்ல" என்றார். அக்காவுக்குக் குத்தலாகப் பேச வராது. அதனால்தான் அது குத்தியது.

அந்தச் சனிக்கிழமை சூட்கேசின் அடியில் கிடந்த பழைய மவுண்டிங்கை எடுத்துக்கொண்டு கழிவு நிலையத்துக்குப் போனேன். இரும்புக்கு ஒரு பெட்டி, ரப்பருக்கு ஒரு பெட்டி. அங்கே வேலைசெய்கிற மஞ்சள் சட்டைக்காரர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பிரித்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

"பிரிக்க ஏலாது. அதைச் செய்திருப்பதே அப்படித்தான்."

"எங்கே வாங்கினீர்கள்?"

"திருகோணமலையில் கழற்றியது" என்றேன். கடையின் பெயர் என்று நினைத்தாரோ என்னவோ, "அப்படியானால் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்" என்றார்.

பின்னால் கார்கள் வரிசையாக நின்றன. அதை முன் ஆசனத்தில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். முதலாவது சிவப்பு விளக்கில் கார் கீச்சிடத் தொடங்கியது. பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார், அவர் சீற் பட்டி போடவில்லை என்று அது நினைத்துக்கொண்டது. கீச்சு நிற்கவில்லை. விளக்குப் பச்சையாகுமுன் கையை நீட்டி, மவுண்டிங்குக்குப் பட்டி போட்டுவிட்டேன்.