சத்தமில்லாத குடும்பம்

சிரம்பானை ஒட்டிய ராசாவில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. ஆனால் அப்பாவிடம் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. "யாரு வாடகை? என் வீடுலா இது!" என்று தெருவுக்கே கேட்கும்படி சண்டைக்கு வருவார். கூரை ஒழுகினால் வீட்டுக்காரருக்குப் போன் போட மாட்டார், தானே ஏணி வைத்து ஏறிவிடுவார். வீட்டுக்காரரே எப்போதாவது வந்தால், "வாங்க வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அந்த மனுசனையே விருந்தாளி ஆக்கிவிடுவார். அவரும் பாவம், செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு உட்காருவார்.

அப்பாவுக்குக் காது மந்தம். போர்டிக்சன் பக்கத்துத் தோட்டமொன்றில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரியை வருசக்கணக்கில் ஓட்டியவர். அந்த இஞ்சின்தான் காதைத் தின்றுவிட்டது என்பார். காது போனதற்குச் சேர்த்துக் குரல் வளர்ந்துவிட்டது. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குப் போனே தேவைப்படாது. காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சாமி மேடை முன் நின்றாரானால், கைமணியைத் தன் காதுக்கு எட்டும்வரை அடிப்பார். அவர் காதுக்கு எட்டுவதற்குள் எங்கள் சந்து முழுவதும் எழுந்துவிடும். பாட்டும் பாடுவார். ராகம் என்ற ஒன்று மட்டும் அதில் இருக்காது. அம்மா இருந்தவரை அவளே திட்டிப் பார்த்து ஓய்ந்துபோனாள்.

வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீடு வேண்டும் என்றார்கள். நியாயம்தானே, அவர்கள் வீடு. அப்பா மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நானும் என் கணவரும் சொந்தமாகவே வாங்கிவிடுவோம் என்று முடிவெடுத்தோம். "உங்களுக்காகத்தாம்பா பாக்குறோம். இனி உங்கள யாரும் வீட்டவிட்டு எழுந்திருக்கச் சொல்ல முடியாது," என்று நான்தான் அவர் காதருகே கத்திச் சொன்னேன். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. மறந்தால் நன்றாக இருக்கும்.

சிரம்பானைச் சுற்றி இப்போது எந்தப் பக்கம் காரைத் திருப்பினாலும் புதுத் தாமான்தான், வரிசை வரிசையாக வீடு கட்டிய குடியிருப்பு. நேற்றுவரை ரப்பர்ப் பால்மரமும் செம்பனையும் நின்ற மேடுகளைச் சிவப்பாகச் சீவி, வாசலில் கொடிகளை நட்டு, வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு அதே வேலை. என் கணவர் செனாவாங்கில் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறார். இரவு ஷிப்டு முடித்து வந்த கண்ணோடு காரை ஓட்டுவார். நான் பக்கத்தில், அப்பா பின்னால். வழிநெடுகிலும் அப்பா சன்னலுக்கு வெளியே கை நீட்டி, "இந்த மேட்டுலதான் ஒரு தடவ லோரி பிரேக் பிடிக்கல," என்று கத்திக்கொண்டே வருவார்.

வீடு பார்ப்பதில் எனக்கு ஒரு முறை இருந்தது. அதைச் சொல்ல வாய் கூசுகிறது. சரி, ஒளிப்பானேன்? தெருவுக்குள் கார் நுழைந்ததும் நான் வீடுகளைப் பார்க்க மாட்டேன், வாசல்களைப் பார்ப்பேன். மாவிலைத் தோரணம், தொட்டியில் துளசி, கேட்டோரம் கறிவேப்பிலை, கதவுக்கு மேலே முருகன் படம். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. வரிசையாகத் தெரிந்தால், "ஓட்டுங்க, இது வேணாம்," என்பேன்.

"ஏன்?" என்பார் கணவர்.

"மிக்ஸ்டா இருக்கிற இடமா பாக்கலாம்லா."

மிக்ஸ்ட் ஏரியா. இங்கே வீடு தேடுகிற நம்மவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. நம்ம ஆளுங்க அதிகம் இல்லாத இடம் என்பதைத்தான் அப்படி நாகரிகமாகச் சொல்வோம். என் கணவர் ஒருமுறை, "நம்ம வீட்டு வாசல்ல என்ன தொங்குது? மாவிலைதானே?" என்று கேட்டார். "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்று வாயை அடைத்தேன்.

இத்தனைக்கும் நான் பிறந்து வளர்ந்ததே தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில்தான். பள்ளிக்கூடத்தில் எங்கள் குடியிருப்பின் பெயரைச் சொன்னாலே சில ஆசிரியர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வை என் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் துடைக்க நான் கண்டுபிடித்த வழி, அதே பார்வையை அடுத்தவர்மேல் திருப்புவது. கேவலம்தான். அப்போது அது எனக்குக் கேவலமாகத் தெரியவில்லை, புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

செனாவாங்கில் ஒரு வீடு பார்த்தோம். மூலை வீடு, பக்கவாட்டில் நிலம், கணவரின் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிற தூரம். நாங்கள் உள்ளே சுற்றிப் பார்ப்பதற்குள் அப்பா பக்கத்து வீட்டுப் பெரியவரோடு வேலிக்கு இரு பக்கமும் நின்று பேச ஆரம்பித்துவிட்டார். எந்தத் தோட்டம், வேலை வாங்கிய மண்டோர் யார், யாருக்கு யார் மச்சான் என்று ஆரம்பித்து, நான் திரும்பி வருவதற்குள் உறவே கண்டுபிடித்துவிட்டார்கள். "மாப்ள முறைலா!" என்று அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார். அந்தப் பெரியவருக்கும் காது மந்தம்போல. இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கத்தியதில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. தெருக்கோடியில் ஒரு மாரியம்மன் கோயில். அப்பாவின் முகத்தை அம்மா போன பிறகு அப்படி நான் பார்த்ததில்லை.

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு மாவிலை.

காரில் ஏறியதும், "இங்க வேணாம்ப்பா," என்றேன்.

"ஏம்மா? நல்லாத்தானே இருக்கு?"

என்ன சொல்வது? நம்ம ஆளுங்க அதிகம் என்று அவரிடமே சொல்ல முடியுமா? சட்டென்று ஒரு பொய்க் காரணம் வந்தது. "வாசல் தெற்கப் பாத்து இருக்குப்பா. ஆகாதுல்ல?"

அப்பா வெளியே எட்டி வெயிலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "அட, ஆமா. நான் கவனிக்கல பாரு. தெக்கு வாசல் வேணாம்மா, நீ சொல்றது சரி," என்றார். என் கணவர் பக்கவாட்டில் என்னைப் பார்த்தது தெரிந்தது. நான் திரும்பவில்லை. அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவருக்குக் கார் திரும்பும்வரை கையாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் நாங்கள் வாங்கியது ஊருக்கு வெளியே, ஒரு புதுத் தாமானில். சுற்றிலும் வேலி, வாசலில் காவல், பிள்ளைகள் விளையாட ஊஞ்சல். வீட்டைக் காட்டிய ஏஜெண்டு ஒரு தமிழ்ப் பெண். இறங்கும்போதே என் காதில், "அக்கா, இந்த லைன்ல நீங்க மட்டுந்தான். ஃபுல் மிக்ஸ்ட்," என்றாள். நான் வாயைத் திறந்து கேட்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? மனசு குளிர்ந்துபோனது.

அப்பா இறங்கியதும் முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்கும் தெற்கு வாசல். எனக்குக் கன்னமெல்லாம் சூடேறிவிட்டது. ஏதாவது கேட்டிருந்தால்கூட ஒரு பரிகாரத்தைச் சொல்லிச் சமாளித்திருப்பேன். அவரோ பின்கட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டுச் சீன அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். மலாயில், "வாங்கப் போறீங்களா? எத்தனை பேர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

என் வாய் சும்மா இருந்ததா? மூன்று பேர்தான் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் வேலியருகே போய், சிரித்துக்கொண்டே, மளமளவென்று மலாயில் கொட்டினேன். நாங்கள் ரொம்ப அமைதியானவர்கள். வேலைக்குப் போனோம் வந்தோம் என்று இருப்போம். குடி கிடையாது, சண்டை கிடையாது, பாட்டுப் போட மாட்டோம், மணி அடிக்க மாட்டோம். "நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல ஆன்ட்டி." அந்த அம்மா கையில் குழாயோடு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஓ, ஓகே," என்றார். தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அப்பா கூடத்தில் நின்று சன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எங்கே கேட்டிருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட வாங்க என்று மூன்று தடவை கூப்பிட்டால் நாலாவது தடவை "என்னா?" என்பவர்தானே.

குடிபோன அன்று சொந்தக்காரர்கள் சிலர் மட்டும் வந்திருந்தார்கள். பால் காய்ச்சினோம். பால் பொங்கியது. அப்பா சூடத்தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் மணியை எடுத்து ஆட்டினார். சத்தமே வரவில்லை. கை ஆடுகிறது, மணி ஆடுகிறது, ஒன்றும் கேட்கவில்லை. "மாமா, மணி ரிப்பேரா?" என்று யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீடு மாற்றியதில் எங்கோ உள்ளேயிருக்கும் நாக்கு கழன்று விழுந்திருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். பாட்டையும் காணோம், உதடு மட்டும் அசைந்தது. அவர் வெளியே நடக்கப் போன நேரம் மணியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். நாக்கு பத்திரமாக இருந்தது. பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். லோரியில் சுமையைக் கட்டுகிறவர் போட்ட முடிச்சு, நகத்தால் அவிழ்க்க முடியவில்லை. வேலியருகே நான் பேசியது ஞாபகம் வந்தது. அன்று அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அன்றைக்கே பேசியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? நாள் கடத்தினேன்.

அந்தத் தாமானில் சத்தம் இல்லாமலா இருந்தது? எதிர்வீட்டு மலாய்க்காரர் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூடாரம் போட்டு மைக் வைத்துப் பாடினார். எங்களுக்கும் சாப்பாடு வந்தது. பக்கத்து வீட்டு அம்மா சாயங்காலமானால் வாசலிலுள்ள சிவப்புச் சாமி மேடையில் கட்டுக் கட்டாக ஊதுபத்தி கொளுத்துவார். புகை நேராக என் சமையலறைக்கு வரும். விசேச நாளில் தகர டின்னில் படையல் காகிதம் எரிப்பார், சாம்பல் எங்கள் துணிக்கொடியில் வந்து உட்காரும். அவர் யாரிடமும் போய், நான் அந்த மாதிரி இல்லை என்று சொன்னதாகத் தெரியவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டில் அவரவராக இருந்தார்கள்.

ஒருநாள் அந்த அம்மா வேலிக்கு மேலே ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம் நீட்டினார். என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, "உங்க வீடு ரொம்ப அமைதி. ஆள் இருக்காங்களான்னே தெரியல," என்றார்.

பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கத்திரியைத் தேடினேன். முடிச்சை வெட்டி, கிழிசலை உருவிக் குப்பையில் போட்டேன். மணியைத் துலக்கி மேடையில் வைத்தேன். ஏதோ எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டவள்போல நிம்மதியாகத் தூங்கியும் தொலைத்தேன்.

காலையில் அப்பா மணியை எடுத்தார். கணீரென்று ஒரு அடி. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. உடனே இரண்டு விரலை உள்ளே விட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே ஆட்டி, பூசையை முடித்தார்.

நான் பின்னால் நின்றிருந்தேன். "அடிங்கப்பா," என்றேன். குரல் என்னையறியாமல் உயர்ந்துவிட்டது. "நல்லா அடிங்க. நம்ம வீடு. யாரு நம்மளக் கேக்கறது?"

அப்பா திரும்பி எனக்குத் திருநீறு பூசிவிட்டார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"யாரும் கேக்கலயேம்மா," என்றார். அவ்வளவு தணிந்த குரலில் அப்பா பேசி நான் கேட்டதேயில்லை. "அன்னிக்கும் யாரும் கேக்கல."

காலில் விழுந்திருக்கலாம். மன்னிச்சிருங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான், "சாப்பிட வாங்க, தோசை ஆறுது," என்றேன். அவர் வந்து சாப்பிட்டார். சட்னி நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னார். மறுநாள் மணியில் புதிதாக ஒரு கிழிசல் கட்டியிருந்தது.

போன வாரம் ராசாவிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி போன் போட்டார். முன்பெல்லாம் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கப் பேசுகிற மனிதர், போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சமையலறையில் இருந்தேன். எங்கே இருக்கிறாய் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. அப்பா சன்னமாகச் சொன்னார்:

"மக வீட்டுலதான் இருக்கேன்."