என் இலக்கத்தில் எடுத்த ஆசனம்

உக்குவளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருக்கிறார்; எங்கள் ஊருக்கே அவர் நானா, அதாவது அண்ணன். அவருடைய மகளும் என் மகளும் சின்ன வயதிலிருந்தே ஒரே வகுப்பு. இப்போது இருவரும் பதுளையில் படிக்கிறார்கள். அந்த மனிதரைப் பார்த்து நான் பொறாமைப்பட ஆரம்பித்தது ரயில் டிக்கட்டால்தான். அவருடைய மகளுக்கு ஒவ்வொரு முறையும் கண்டியிலிருந்து பதுளைக்கு மூன்றாம் வகுப்பில் பதிவு செய்த ஆசனம் கிடைத்துவிடும், அதுவும் ஜன்னலோரம். என் மகள் பஸ்ஸில் போவாள்.

மலை ரயிலில் ஆசனம் பிடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால், காலை பத்து மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும். வெளிநாட்டுக்காரர்களும் அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பவர்களும் காத்துக்கொண்டு இருப்பார்கள். மலிவான ஆசனங்கள் முதலில் போகும். பத்து ஐந்துக்குப் பார்த்தால் எல்லா ஆசனக் கட்டமும் சாம்பல் நிறமாகிவிடும். நான் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் சாம்பல் நிறத்தைத்தான் பார்த்தேன். நானாவிடம் எப்படி எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன் நான். கேட்கவில்லை.

மாசி மாதம் மகியங்கனைப் பாதையில், மழையில், மகள் போன பஸ் வளைவொன்றில் வழுக்கி மண்மேட்டில் சாய்ந்தது. யாரும் சாகவில்லை. மகளுக்கு நெற்றியில், புருவத்துக்கு மேலே ஏழு தையல். அன்று நானாவின் மகள் ரயிலில் போயிருந்தாள்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. என் மகள் தன் தோழியிடம் சொல்ல, அவள் மிளகு பார்க்க அந்தப் பக்கம் போயிருந்த தன் வாப்பாவுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். எனக்கு முன்னால் நானா ஆஸ்பத்திரியில் இருந்தார். அனுமதிப் பத்திரத்தை நிரப்பி, பாதுகாவலர் என்ற இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். நான் வார்டுக்குள் ஓடியபோது மகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்தார்.

"பயப்படாதீங்க சேர். புள்ள நல்லா ஈக்குறா. தலைப் படம் எல்லாம் எடுத்துப் பாத்தாச்சி" என்றார்.

நான் அவருக்கு நன்றி சொன்னேன். மனதார நன்றி சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் மகளின் கையில் இருந்த கோப்பை அவர் கொடுத்தது என்பது மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு மகளை இனி பஸ்ஸில் அனுப்புவதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். மகளும் பஸ்ஸில் ஏறும் நிலையில் இல்லை. கிளினிக் போக மாத்தளை பஸ்ஸில் ஏற்றினால் இறங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்திருப்பாள். வான் பிடித்துப் பதுளை வரை அனுப்ப எங்களால் முடியாது. பரீட்சை ஒரு திங்கட்கிழமை ஆரம்பம். அதற்கு முன்னால் அவள் பதுளையில் இருக்க வேண்டும் என்றால் ரயிலில் ஓர் ஆசனம் வேண்டும். பதிவு இல்லாத பெட்டியில் ஆறேழு மணி நேரம் நெரிசலில் நிற்க, தையல் பிரித்த பிள்ளையால் முடியாது.

"அங்கிள்ட்ட சொன்னா எடுத்துத் தருவாருப்பா" என்றாள் மகள்.

"எனக்கு எடுக்கத் தெரியாதா?"

"ரெண்டு தரம் கிடைக்கலதானே."

"இந்த முறை கிடைக்கும். நீ யார்கிட்டயும் கேக்க வேணாம்."

மனைவி அடுப்படியில் இருந்து, "எடுத்துக் குடுக்க ஒருத்தர் இருக்கிறப்ப இவருக்கு என்னத்துக்கு இந்த வீம்பு" என்றாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

சனிக்கிழமைப் பயணத்துக்குப் பதிவு திறக்கும் நாள் பாடசாலை நாளாக இருந்தது. எனக்கு அந்த நேரம் பாடம் இல்லை. ஆசிரியர் அறையில் சிக்னல் வரும் ஒரே ஜன்னலுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் முன்னாலேயே போய் நின்றேன். பத்து மணி. கட்டங்கள் பச்சையாக வந்தன. மூன்றாம் வகுப்பில் ஒரு ஜன்னலோரத்தைத் தொட்டேன். பெயர் கேட்டது, அடையாள அட்டை இலக்கம் கேட்டது, தொலைபேசி எண் கேட்டது. விரல் தானாகவே ஓடியது. காசு போனது. டிக்கட் வந்தது.

பக்கத்தில் இருந்த சங்கீத டீச்சர், "சேருக்கு ஏதும் இடமாற்றம் கிடைச்சிருச்சா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

பாடசாலை விட்டதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே நானாவின் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று மழுப்பத் தேவையில்லை. காட்டத்தான் போனேன். கராம்பு மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க மகளுக்கு எடுத்தாச்சா நானா?" என்று கேட்டேன்.

"எடுத்தன் சேர். சனிக்கிழம. உங்களுக்கு?"

நான் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு திரையை விரலால் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தார்.

"சேர், இது உங்கட ஐடி நம்பரா?"

"மகளுக்குத்தானே எடுத்தேன்."

"கடைசில வீ எழுத்து ஈக்குதே. புள்ளையளுக்கு இப்ப பன்னிரண்டு இலக்கம்தானே. வீ நம்மள மாதிரி கிழடுகளுக்குத்தான்."

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். பழைய அட்டையின் ஒன்பது இலக்கமும் V என்ற ஆங்கில எழுத்தும். சம்பளப் படிவம், இடமாற்றப் படிவம், வங்கிப் படிவம், பரீட்சை மேற்பார்வைப் படிவம் என்று இருபது வருடமாக எழுதி எழுதி விரலுக்குள் போய்விட்ட இலக்கம். அடையாள அட்டை இலக்கம் என்று எங்கே பார்த்தாலும் கை அதைத்தான் எழுதும். டிக்கட்டில் உள்ள இலக்கமும் பயணம் செய்பவரின் அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்டியில் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். மகளுக்காக எடுத்த ஆசனத்தில் நான்தான் போக முடியும்.

அந்த இடத்திலேயே மறுபடி முயன்றோம். சனிக்கிழமை முழுவதும் சாம்பல் நிறம்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நாளைக்குப் பத்து மணிக்கி ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குத் திறக்கும் சேர். பின்னேரம் போய்ச் சேந்துருவாங்க. எங்கட புள்ளையையும் ஞாயிறுக்கு மாத்திர்றன். தனியா என்னத்துக்கு அனுப்புற? நானும் தட்டுறன், நீங்களும் தட்டுங்க. ஆருக்குக் கிடைச்சாலும் சரிதானே."

"மகளோட நம்பர் அனுப்பி வைக்கிறேன்" என்றேன்.

"ஈக்கு சேர்."

ஆஸ்பத்திரியில் பத்திரம் நிரப்ப அவளுடைய அட்டையைப் போட்டோ எடுத்திருந்தார். அதை அவர் அழிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டுத்தான் அந்த இலக்கத்தை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என்ன நடந்தது என்று சொன்னபோது மகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மனைவி சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் மகளின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதிக்கொண்டு அதே ஜன்னலருகில் நின்றேன். பத்து மணிக்குத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. நானாவுக்கும் கிடைக்காமல் போகட்டும். முழுதாக, தெளிவாக அப்படித்தான் நினைத்தேன். அவருக்குக் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு நிற்கப்போவது என் மகள். பஸ்ஸில் ஏறி, கண்ணை மூடி, யாருடைய சட்டையையும் பிடிக்க முடியாமல் அந்த வளைவுகளில் போகப்போவது அவள். அது தெரிந்தும் நினைத்தேன். ஒரு சில விநாடிதான் இருக்கும். பிறகு என்னை நினைத்து எனக்கே பயமாகிவிட்டது.

பத்து மூன்றுக்கு அவருடைய செய்தி வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆசனம். ஜன்னலோரத்து ஆசனத்தில் என் மகளின் பெயர்.

ஒரு மாதம் கழித்து, அந்த ஞாயிற்றுக்கிழமை, நானும் நானாவும் பிள்ளைகள் இருவருமாக உக்குவளையிலிருந்து முதல் ரயிலில் கண்டிக்குப் போனோம். மேடையில் நடக்க இடம் இல்லை. ஆள் உயரப் பைகளோடு வெள்ளைக்காரர்கள், விடுமுறை முடிந்து திரும்பும் சனம். டிக்கட் பார்ப்பவர் அட்டையையும் போனையும் சேர்த்துப் பார்த்துவிட்டு மகளை ஏற விட்டார். நானாவின் மகள் மேலே பையை ஏற்றிவிட்டு, "நீ வெளிய பாத்துட்டே வா, தலையச் சுத்தாது" என்று என் மகளுக்கு ஜன்னலைத் திறந்து கொடுத்தாள். நானா இரண்டு சாப்பாட்டுப் பார்சலை உள்ளே நீட்டினார். நானும் இரண்டு பார்சல் கொண்டு போயிருந்தேன். என்னுடையதையும் நீட்டினேன்.

"இவங்க பதுளைல கடை போடப் போறாங்க போல" என்றார் நானா. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வரும் வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவர் வத்துகாமம் வரும் முன்பே தூங்கிவிட்டார்.

பின்னேரம் நாலு மணியிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்கு அடித்தது. நானா.

"சேர், புள்ளையள் போய்ச் சேந்துட்டாங்க. இப்பதான் மகள் போன் எடுத்தா."

"தெரியும் நானா" என்றேன். தெரியாது.

அவர் வைத்தவுடனே மகளின் அழைப்பு வந்தது. குரலில் களைப்பு இருந்தது, நடுக்கம் இல்லை. எல்ல ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் கொஞ்சம் தூங்கியதாகச் சொன்னாள். தலை வலிக்கவில்லையாம். நாளைய பரீட்சைக்கான பாடத்தை ஒரு முறை புரட்டிவிட்டுப் படுப்பாளாம். நான் எல்லாம் கேட்டு முடித்து, வைக்கப்போகும் நேரத்தில், "அங்கிளுக்கும் சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லப்பா. உங்களுக்குத்தான் மொதல்ல எடுத்தேன். அவருக்கு இனித்தான் எடுக்கணும், தேங்க்ஸ் சொல்லணுமே."

"எடு, எடு. கட்டாயம் எடுத்துச் சொல்லு" என்றேன்.

பெருந்தன்மையோடு சொன்னது போலத்தான் குரல் வந்தது. அடுப்படிக்குப் போய், பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று மனைவியிடம் சொன்னேன். எனக்குத்தான் முதலில் எடுத்தாள் என்றும் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போனைச் சார்ஜில் போடப் போனேன்.