அக்காவின் "சரி"

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அக்கா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷமாக, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அதே பரபரப்பு. ஒரு கை ட்யூபைக் குலுக்கும், இன்னொரு கை போனை எடுக்கும், கண் இயந்திரத்தின் திரையில் இருக்கும். வீட்டிலும் இதே கதைதான். "உங்கம்மாவைக் கொஞ்சம் புடிச்சு நிறுத்துடா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று வீட்டுக்காரர் மகனிடம் கெஞ்சுவார். வேலையில் அக்கா கெட்டிக்காரி, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வேலை கற்றுக்கொடு என்றால்தான் இடித்தது.

கல்லூரியிலிருந்து மூன்று மாதப் பயிற்சிக்கு மாணவிகள் வருவார்கள். அக்காவிடம் வந்த முதல் இரண்டு பேரும் ஆளை விட்டால் போதும் என்று வேறு மேஜைக்கு ஓடிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவளுக்கு அன்றைக்கே "டவுட்டு" என்று பெயர் விழுந்தது. அம்மாடி, என்ன கேள்வி, என்ன கேள்வி! "அக்கா, இதை எதுக்குக் குலுக்கறோம்?" "சரி, சரி." "அக்கா, ஸ்டிக்கரை இங்க ஒட்டட்டுமா?" "சரி, சரி." 'காதில் விழுந்தது, இப்போது நச்சரிக்காதே' என்றுதான் அந்தச் சரிக்கு அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இயந்திரம் மக்கர் பண்ணியது. அக்கா அதற்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு எதையோ நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த ட்யூப்ல எல்லாம் ரத்தம் உறைஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுடவா?"

"சரி, சரி."

ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறைந்தால்தான் வீண். சிவப்பு மூடியில் உறையத்தான் வேண்டும், உறைந்த பிறகு மேலே தெளிகிற நீரை வைத்துத்தான் சோதனையே. டவுட்டு குப்பையில் போட்டது ஆறு சிவப்பு மூடி ட்யூப்கள். அதில் ஒன்று, பிறந்து நாற்பது நாளான குழந்தையுடையது. மூன்று இடத்தில் குத்திய பிறகுதான் நரம்பு கிடைத்ததாம்.

மேலாளர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"அக்கா சரின்னாங்க சார்" என்றாள் டவுட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நானா? ஏம்மா, வாய் கூசாம சொல்றியே!" அக்காவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. சொன்னது சத்தியமாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு மேலாளர் ஏதேதோ பேசினார். அக்காவின் மனசு வார்டில் இருந்தது. அந்தப் பிஞ்சுக் கையை மறுபடி குத்த வேண்டுமே! "சரி சார், சரி" என்று சொல்லிவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

மத்தியானம் கையெழுத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மாணவி தன்னிஷ்டத்துக்குச் செயல்பட்டதால் பயிற்சியை ரத்து செய்கிறோம் என்று இருந்தது. ரத்தானால் பரீட்சை எழுத முடியாது, அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போச்சு. அக்கா கடிதத்தோடு மேலாளர் அறைக்குள் பாய்ந்தாள்.

"யார் சார் இப்படி எழுதச் சொன்னது?"

"நீங்கதான். அந்தப் பொண்ணைத் திருப்பி அனுப்பிடலாமான்னு கேட்டேன், சரின்னீங்க."

"அது காதுல விழுந்துச்சுங்கிற சரி சார்! ஒத்துக்கிட்ட சரி இல்ல!"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அக்காவுக்கு யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. இவ்வளவு வருஷம் கூட இருந்த மனுஷனுக்கே தெரியவில்லை. ஐந்து வாரம் முன்னால் வந்தவளுக்கு எப்படித் தெரியும்? பாவி, காலையில் அந்தப் பிள்ளையைப் பொய்க்காரியாக்கி நிற்க வைத்தோமே!

"தூக்கிப் போடச் சொன்னது நான்தான். என் பேரைப் போட்டு எழுதுங்க சார்."

"யோசிச்சுக்குங்க. தலைமை டெக்னீஷியன் வேலைக்கு இந்த வருஷம் உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். இது ஃபைல்ல ஏறினா அவ்வளவுதான்."

அந்த வேலைக்காக அக்கா ஆறு வருஷமாகக் காத்திருக்கிறாள். கடிதத்தில் மாணவியின் பெயரை அடித்து, தப்பு தன்னுடையது என்று மேலே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

நடையில் டவுட்டு பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"பையைக் கழட்டு. உன் மேல தப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அந்தப் பெண் நம்பாமல் பார்த்தாள். பிறகு வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, இத்தனை நாள்ல நீங்க ஏன் என்னை ஒரு தடவைகூடத் திட்டல? மத்த மேஜையில எல்லாரும் திட்டு வாங்கறாங்க."

அக்கா அவள் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"திட்டணும்னாலும் உன்னைத் திரும்பிப் பாத்திருக்கணுமேடி. நான் எங்க பாத்தேன்?"

"இப்பவாவது திட்டுங்கக்கா."

அக்கா திட்டினாள். சிவப்பு மூடி எது, ஊதா மூடி எது, எதைக் குலுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று முகத்துக்கு நேராக, ஒன்றுவிடாமல் திட்டினாள். டவுட்டு அழுதுகொண்டே நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.